வெட்டிய விளிம்பு

மியூரியல் பாஸ்க்கின் கொட்டகையில் நின்ற சங்கிலிச்சக்கர வண்டியை ஊரார் பிரென் கேரியர் என்றார்கள். போர்க்காலத்து வண்டி எதுவானாலும் அவர்களுக்கு அதே பெயர்தான். உண்மையான பிரென் கேரியர் அரிது. அதன் பின்பக்கத்தில் இடப்புறம் மட்டுமே ஆள் உட்காரும் அறை இருக்கும். பிற்காலத்தில் வந்த யுனிவர்சல் என்ற வகையில் இரண்டு புறமும் உண்டு. இந்த வண்டியில் வலப்புறம் காலியாக இருந்தது. பிரென் என்று உறுதியானால் ஹாலந்துக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஏற்றிப்போகக் காத்திருந்தார்.

உறுதி சொல்ல, பழைய ராணுவ வண்டிகளை அறிந்த எட்கர் தாக்கர் வந்தார். மனைவி இறந்தபின் அவரைத் தேடி வருபவை இத்தகைய கேள்விகள் மட்டுமே. பதில் சொன்னதும் அதோடு தொடர்பு முடியும்.

வந்த முதல் வியாழனன்றே வலப்புறத் தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். உருகி உறைந்த இரும்பு. போருக்குப்பின் வயலில் இழுவைக்காக யாரோ அறையை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

எஞ்சினையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மியூரியல் தேநீரும் வெண்ணெய் தடவிய பிளம் ரொட்டியும் கொண்டுவந்தாள். சர்க்கரை பீட்கிழங்கு வயல்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் அதிகம் பேசவில்லை.

அடுத்தடுத்த வியாழன்களில் நடுவிலிருந்த எஞ்சின் மூடியைக் கழற்றினார், துருவைச் சுரண்டினார். சிலிண்டர் மூடி ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு போல்ட்டுகள். பிரென்னுக்கு மாட்டிய ஆங்கிலேய எஞ்சினில் இருபத்தொன்றுதான் இருக்கும். இது கனடாவிலிருந்து வந்தது. ஆனால் ராணுவப் பட்டறைகள் கையில் கிடைத்த எஞ்சினை மாட்டின. அதனால் அது எதையும் நிரூபிக்காது. அதுவும் அவருக்கு முன்பே தெரியும்.

ஒரு வியாழன், ஹாலந்துக்காரர் மறுபடி தொலைபேசியில் கேட்டதாக மியூரியல் சொன்னாள். தாக்கர் துணியில் கை துடைத்தார்.

"இது யுனிவர்சல்ங்க. அந்தப் பக்கத்தை வெட்டியிருக்காங்க."

"வெட்டுனது எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும். கையில எது கிடைச்சாலும் வெட்டிருவாரு." வெட்டிய விளிம்பைப் பார்த்து, "எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

"வந்த அன்னிக்கே."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அந்த மனுசன் அங்க காத்துக்கிட்டே கெடக்கான். நானும் என் தங்கச்சிக்குப் பதில் சொல்லாம இழுத்தடிச்சேன். இந்த வண்டி போனதும் வீட்டை வித்துட்டு அவகூடப் போறதா இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. "டீ குடிக்க வரட்டுமான்னு கேட்டிருக்கலாமே, தாக்கர்."

கேட்டிருக்கலாம். எப்படி என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியது. அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனித் திறக்க வேண்டியதில்லை என்பதால், எஞ்சின் மூடியின் போல்ட்டுகளை ஒன்றுவிடாமல் இறுக்கினார்.