இரண்டாவது நாற்காலி வினைச்சொல்லுக்கு

டச்சு நாட்டுக்குக் குடிவந்து, டச்சுத் தேர்வில் தேறிய நாளிலிருந்து அந்தக் குடியிருப்பில் அவருக்கு 'இலக்கணம்' என்றே பெயர். ஆனால் அவர் யாரிடமும் டச்சு பேசி முடித்ததில்லை. சொற்களை வரிசையில் நிறுத்துவதற்குள் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். ஆகவே கற்றதையெல்லாம் மனைவியின் தலையில் இறக்கினார்.

சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. டச்சு வாக்கியத்தில் முதல் நாற்காலியில் எந்தச் சொல் உட்கார்ந்தாலும் இரண்டாவது நாற்காலி வினைச்சொல்லுக்கு. 'ஏனென்றால்' வந்துவிட்டால் மட்டும் அது எழுந்து கடைசிக்குப் போய்விட வேண்டும் என்று விளக்குவார்.

"மாமியார் வந்தா மருமக அடுப்படிக்குப் போற மாதிரியா?" என்றாள் ஒருநாள்.

இலக்கணம் சிரிக்கவில்லை. அவள் "இன்று நான்" என்று தொடங்கினாலே, இரண்டாவது நாற்காலி பறிபோனதென்று மேசையைத் தட்டுவார். உப்பு கேட்பதற்கும் வாக்கியம் சரியாக இருந்தாக வேண்டும். அவள் உப்பில்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அவரைக் கேட்காமலே விண்ணப்பித்தாள். கிடைக்காவிட்டால் மறுபடி அந்த மேசைதான். நேர்காணலுக்கு அவரும் கிளம்பினார், பிழை திருத்த.

சலவைக்கூடத்தில் ஈர வெக்கை. மேற்பார்வை பார்க்கும் பெண்மணி, மரியாதைக்காக முதலில் இலக்கணத்திடம், எப்படி வந்தீர்கள் என்று டச்சில் கேட்டார். இவர் "இன்று" என்றார். வினைச்சொல்லை வைத்தார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை, வியர்வைதான் வந்தது. அந்தப் பெண்மணி ஆங்கிலத்துக்குப் போகவில்லை. ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் ஓர் இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. பேருந்தில் வந்தோம் என்று இலக்கணம் ஒருவழியாகக் கரை சேர்ந்ததும், நல்ல செய்தி கேட்டவர்போலத் தலையசைத்தார்.

அடுத்து மனைவியிடம், இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டார்.

"ஏனென்றால் நான் வீட்டில் பேசுவதில்லை" என்றாள் அவள், டச்சில்.

அவளுடைய டச்சு வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகாமல் நடுவிலேயே நின்றது இலக்கணத்துக்கு முதலில் தெரிந்தது. தட்டுவதற்குக் கை உயர்ந்தது. பொருள் சற்றுப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் இன்னும் நாலைந்து வாக்கியங்கள் சொன்னாள். எல்லாம் கோணல், ஆனால் எல்லாம் முழுதாக முடிந்தன. சிலருக்குக் கடவுள் நல்ல புத்தியைப் பிறருடைய பொறுமை வழியாகத்தான் அனுப்பிவைக்கிறார்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "நான் தப்பாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன." சற்றுத் தூரம் போனபின் மெதுவாகக் கேட்டார்: "இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்க?"

"நிறைய இருக்குங்க," என்றாள். "கொஞ்சம் மெதுவா நடங்க."