புகார் இல்லாத எட்டு எண்கள்

பென்னாகரம் போகும் சாலையில் இருந்த அந்தச் சிறு ஊரின் டெலிபோன் எக்சேஞ்சில் எட்டு எண்கள் செத்துக் கிடந்தன. ஆனாலும் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு என்றால் புகார் வர வேண்டும். புகாரைக் கெட்டுப்போன போனிலிருந்தே சொல்ல வேண்டும். அதுதான் அங்கே நடைமுறை.

நேரில் வந்தவர்களுக்கு எக்சேஞ்சின் ஜூனியர் என்ஜினியர் அர்ச்சுனன் பொறுமையாக விளக்குவார். "இங்க வந்து சொன்னா கணக்குல வராதுங்க. வூட்டுக்குப் போயி போன்ல சொல்லுங்க."

"பக்கத்து வூட்டுப் போன்ல சொல்லட்டுங்களா?"

"அப்பறம் அது பக்கத்து வூட்டுக் கம்ப்ளெய்ண்டு ஆயிருமே."

அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சிலர் பாதி வழியில் நின்று யோசிப்பதை டெக்னீஷியன் முனாப் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்.

குளிரூட்டிய அறையில் நின்றிருந்த புது எலெக்ட்ரானிக் இயந்திரத்துக்குள், அலமாரிப் புத்தகங்களைப்போல் கார்டுகள் வரிசையாகச் செருகியிருந்தன. ஒரு கார்டுக்கு எட்டு போன்கள். அந்தக் கார்டுகளில் ஒன்றுதான் எரிந்துபோயிருந்தது. மாற்றுக் கார்டு தர்மபுரியிலிருந்து வந்து, பளபளக்கும் பைக்குள் பிரிக்கப்படாமல் கிடந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டை மாற்றலாம். கை பிசகினால் ஊர் முழுக்க ஊமையாகிவிடும்.

புகாரே இல்லாத எக்சேஞ்சுக்கு அந்த வருஷம் கேடயம் தருவதாக இருந்தார்கள். கேடயம் வாங்கினால் ஊழியர்களுக்குக் கேட்ட ஊருக்கு மாற்றல். முனாப் தர்மபுரி கேட்டிருந்தார். அங்கே மனைவி ஷகிலா மூச்சிரைப்போடு தனியாக இருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் அந்த எட்டுப் பேர் வாய் திறக்காமல் இருந்தால் போதும். அவர்களால் திறக்கவும் முடியாது.

அன்று காலை நர்ஸ் பெரியம்மாள் வந்தார்.

"டாக்டர் வூட்டுக்குப் போன் போட்டா மணி அடிச்சிக்கிட்டே இருக்குதுங்க, யாரும் எடுக்கல. நேத்து ஒருத்திக்கு இடுப்பு வலி. வண்டி கட்டிக் கூட்டிட்டு வரதுக்குள்ள வழியிலயே பொறந்துருச்சு."

டாக்டரின் எண்ணும் அந்த எட்டில் ஒன்று; கூப்பிடுகிறவர் காதில்தான் மணி அடிக்கும், அவர் வீட்டில் அடிக்காது.

"நல்லபடியாப் பொறந்துச்சில்ல?" என்றார் அர்ச்சுனன். "அப்பறம் என்னம்மா?"

பெரியம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு முனாப்பைப் பார்த்தார். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் முனாப்புக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெகுநேரம் அவர் அந்தப் பளபளப்புப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷகிலாவுக்கு இரைப்பு முற்றி, யாரோ டாக்டருக்குப் போன் போட, எடுக்க ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருப்பது போல் அவருக்குத் தோன்றியது.

"மாத்திரலாம் சார்," என்றார் கடைசியில்.

"மெஷின் நின்னுட்டா?"

"நிக்காது."

"நின்னா உங்க மாற்றலும் நின்னுரும், பாய்." அர்ச்சுனன் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் டீ குடிக்கப் போறேன். நான் எதையும் பாக்கல."

கார்டைத் தொடும் முன் மணிக்கட்டுப் பட்டையைக் கட்ட வேண்டும். மாசி மாத வறட்சியில், டெரிகாட்டன் சட்டை போட்ட உடம்பில் மின்சாரம் சேர்ந்திருக்கும். பட்டையின் கம்பி அதைப் பூமிக்கு இறக்கிவிடும். இல்லாவிட்டால் தொட்டதுமே புதுக் கார்டும் செத்துவிடலாம். பட்டையைத் தேடினார். அது லைன்மேன் மாதையனின் கையில், குங்குமப் பொட்டோடு இருந்தது.

"முனியப்பன் கோயில்ல வெச்சுக் கட்டுனது பாய். கழட்டக் கூடாது."

"இதுல இருந்த கம்பி எங்கய்யா?"

"கம்பம் ஏறுறப்ப சிக்குச்சு, அறுத்துட்டேன். கட்டுனதுல இருந்து ஒரு தடவகூட ஷாக் அடிக்கலையே."

"டெலிபோன் கம்பத்துல எங்க ஷாக் அடிக்குது?"

"அதான் அடிக்கலன்றேனே."

பட்டையைத் தரப் பாதி மனசுதான் மாதையனுக்கு. குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்தார். முனாப் புதுக் கம்பி முறுக்கி, மறுமுனையை இயந்திரத்தின் எர்த் முனையில் மாட்டினார். விசைப்பலகையில் கட்டளை கொடுத்து, பழுதான கார்டை மட்டும் ஒதுக்கினார். அதன் எண்ணை இருமுறை வாய்விட்டுப் படித்தார். பிடியை நெம்பி நேராக இழுத்தார். பக்கத்துக் கார்டுகளில் உரசவில்லை. புதியதை ஓரத்தில் மட்டும் பிடித்து, தண்டவாளம் போன்ற காடியில் வைத்துத் தள்ளினார். இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியது. அணைந்தது. பிறகு பச்சை எரிந்தது.

அவர் பட்டையைக் கழற்றுவதற்குள் புகார் போன் அடித்தது. முதலில், இத்தனை நாள் செத்துக் கிடந்த எண்ணிலிருந்து அரிசி மண்டிக்காரர். வைத்ததும் மறுபடி அடித்தது, நெல் மில். அடுத்து உரக்கடை.

டீக் கடையிலிருந்து திரும்பிய அர்ச்சுனன் வாசலிலேயே நின்றார். "சரி பண்ற வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்டும் இல்ல பாய்," என்றார், ஏதோ சாவு வீட்டில் பேசுவதைப்போல்.

போன் மறுபடி அடித்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் கை நீட்டவில்லை. முனாப் எடுத்தார்.

டாக்டர்தான். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கத்தினார். முனாப் முழுதும் கேட்டார்.

"இப்ப நான் பேசறது நல்லாக் கேக்குதுங்களா?"

"நல்லாத்தான் கேக்குது. அதுக்காகப் புகாரை வுட்டுருவேன்னு பாத்தியா?"

"வுடாதீங்க," என்றார் முனாப். "சொல்லுங்க, எழுதிக்கறேன்."