இரட்டைகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. தைபேயில் கணினிச் சாமான்கள் விற்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சியா அக்காவின் கடையில், எனக்கு முன்னால் நின்றவளிடமிருந்து எடுத்தது. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினேழு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒட்டுக்கேட்காமல் எந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொள்ள முடியும்?

அவள் பெயர் யுன்ரூ, ஒலிப்பதிவு வேலை செய்பவள். பக்கத்தில் நின்றவர் அவள் அப்பா தெங்ஃபா, டாக்சி ஓட்டுபவர். அவருக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த வியாழக்கிழமை குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அவர் குரலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பதிவு செய்துவிட வேண்டும். பிறகு அந்தக் குரலில் கணினி அவருக்காகப் பேசும். அதற்காகத்தான் அவ்வளவு பெரிய வேலையைத் தாங்கும் லேப்டாப், அதற்குள் போட எஸ்.எஸ்.டி. என்கிற சேமிப்புத் தகடு.

2

தொடக்கம், முதல் முயற்சி: மழை பெய்துகொண்டிருந்த ஒரு

வேண்டாம். இங்கே மழை எப்போதும்தான் பெய்கிறது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

சியா அக்கா லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி வைத்திருந்தாள். "உள்ள ரெண்டு இடம் இருக்கு. பாதிப் பாதியா ரெண்டுலயும் பிரிச்சு எழுத வைக்கலாம், பறக்கும். ஆனா ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் போச்சு. இல்லன்னா இதுல எழுதறதை அப்படியே அதுலயும் எழுத வைக்கலாம். ஒண்ணு செத்தாலும் மத்தது பொழைச்சிருக்கும்."

"ரெண்டாவதே போதும்க்கா."

"வேகம் வேணாமா?"

"வேகமெல்லாம் என் டாக்சியிலயே பாத்துட்டா," என்றார் தெங்ஃபா. "ரெண்டு தடவை லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க."

"நீங்க சும்மா இருங்கப்பா. பேசறதை மைக்குல பேசுங்க."

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ," என்றாள் சியா அக்கா. "இதுல அழிச்சா அதுலயும் அழிஞ்சிடும். கண்ணாடி மாதிரிதான் இது, அதுக்கு நல்லது கெட்டது தெரியாது."

பிறகு எஸ்.எஸ்.டி. பெட்டிகளைத் திருப்பி வரிசை எண்ணைப் பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அடுத்தடுத்த நம்பர். ஒரே நாள்ல பொறந்ததுங்க, ஒரே நாள்ல போய்ச் சேரும். பக்கத்துல பக்கத்துல படுக்க வைக்கவே கூடாது."

அவளிடம் இருந்தது நாலு பெட்டி, இரண்டு ஜோடி. நானும் இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கத்தான் நின்றிருந்தேன். ஜோடிக்கு ஒன்றாகப் பிரித்து யுன்ரூவுக்கு இரண்டு, எனக்கு இரண்டு கொடுத்தாள். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை.

கூடவே ஆளுக்கொரு பச்சைப் பொட்டலம், தேங்காய் மணக்கும் சோளப்பொரி.* "மெஷின் மேல வைங்க. பிரிச்சுடாதீங்க. ஏழாம் மாசம் வேற, பேய்ங்க வர்ற மாசம், அந்தப் பக்கத்துக் கதவு திறந்து கெடக்கு."

"என் ஆபரேஷனும் இந்த மாசம்தான்," என்றார் தெங்ஃபா. "பேய்ங்களுக்கும் டாக்சி வேணும்ல?"

யுன்ரூ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

(* பொட்டலத்தின் பெயருக்கு 'சமர்த்தாக இரு' என்று அர்த்தம்; மேலே வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்பது இங்குள்ள நம்பிக்கை. பச்சை நிறம்தான் வேண்டும், தேதி தாண்டக் கூடாது, தின்னவே கூடாது. படித்த என்ஜினியர்கள்கூட இதில் விளையாட மாட்டார்கள்.)

3

இனி என் கற்பனை. வீட்டில் அப்பாவை உட்கார வைத்து அவள் பதிவு செய்கிறாள். அவர் வாக்கியம் வாக்கியமாகப் படிக்கிறார். சலித்துப்போய்ப் பச்சைப் பொட்டலத்தைப் பிரித்து

சேச்சே, அவர் அப்படிச் செய்யமாட்டார். இந்த ஊர்க்காரர் அல்லவா? தின்றது நான். அந்த எஸ்.எஸ்.டி.களைப் போட்ட என் லேப்டாப்பில் இதைத் தட்டிக்கொண்டிருந்தபோது பசித்தது, என் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். பொரிக்குப் பயப்படுகிற ஆளா நான்!

கதைக்கு ஒரு கொக்கி வேண்டியிருந்தது. ஓர் அம்மாவை உண்டாக்கினேன். மூன்று வருடம் முன்னால் இறந்தவள், மகள் ஊரில் இல்லாத சமயம். கடைசியாக அவள் சொன்னது தெங்ஃபாவுக்கு மட்டும் தெரியும். அவர் வாயில் இதை வைத்தேன்:

"யுன்ரூ, போகும்போது உங்கம்மா உன்னைப் பத்தி என்ன சொன்னான்னா—"

அதற்குமேல் வரவில்லை. மூன்று நாள் முட்டி மோதிவிட்டு, அப்படியே விட்டுவிட்டேன்.

4

இரண்டு வாரம் கழித்து ஒரு வயர் வாங்க சியா அக்காவின் கடைக்குப் போனேன். யுன்ரூ லேப்டாப்போடு நின்றிருந்தாள். தெங்ஃபாவின் கழுத்தில் கட்டு, மூக்கில் உணவு செலுத்தும் குழாய், கையில் எழுதி அழிக்கிற சின்னப் பலகை.

"நான் பதியாத ஃபைல் ஒண்ணு இருக்குக்கா. ஆபரேஷனுக்கு மறுநாள் தேதி. பதினோரு விநாடி."

"கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்."

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

முதலில் நொறுக் நொறுக்கென்று யாரோ பொரி மெல்லும் சத்தம். பிறகு தெங்ஃபாவின் கரகரத்த குரல். நான் தமிழில் எழுதியதை அவர் தம் பாஷையில் சொன்னார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. 'என்ன சொன்னான்னா' என்பதோடு நின்றது.

கையில் எடுத்த வயரை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

"பொட்டலம் எங்கடி?" என்றாள் சியா அக்கா. யுன்ரூ பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பிரிக்காமல் முழுசாக இருந்தது. சியா அக்கா மெல்லத் திரும்பினாள். "உங்களோடது, தம்பி?"

"வீட்ல இருக்குக்கா," என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

தெங்ஃபா பலகையில் எழுதினார்: 'நான் சொல்லலை.' அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'சொல்லணும்னு இருந்தேன்.'

"மூணு வருஷமா கேக்கறேனேப்பா. மீதியை எழுதிக் காட்டுங்க."

'வாயாலதான் சொல்லுவேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்தேன்.' பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். மூன்று வருடமாகச் சொல்வதைத் தள்ளித் தள்ளிப் போட்டவர், கண்ணைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

என் கதையின் அம்மா அல்லவா அவள்? நான் அல்லவா உண்டாக்கினேன்?

5

முடிவுகளைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், லேப்டாப்பில் அல்ல. 'உன்மேல் கோபமில்லை என்றாள்.' 'உன் பெயரையே எடுக்கவில்லை.' 'கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.' மூன்றையும் கிழித்துப் போட்டேன். நான் எதைத் தட்டினாலும் அந்தப் பெண் அதை அப்பா குரலில் கேட்பாள், ஆயுசு முழுக்க நம்புவாள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அழிக்கவும் துணியவில்லை. இங்கே அழித்தால் அங்கே அந்தக் குரல் என்னவாகும்? அரைகுறை வாக்கியங்களை இதில் அப்படியே விட்டிருப்பது பாணிக்காக என்று நினைத்திருப்பீர்கள். பயம்தான், வேறொன்றும் இல்லை.

6

இன்று பிற்பகல் யுன்ரூ போனில் கூப்பிட்டாள். "சியா அக்கா நம்பர் குடுத்தாங்க. உங்களோடதும் அதே ஜோடியாமே. உங்க லேப்டாப்ல எதையாவது மாத்துனீங்களா?"

"ஒரு எழுத்துக்கூட இல்லம்மா."

"ஃபைல் நீண்டிருக்கு. இப்ப பதினாறு விநாடி."

"என்ன சொல்றாரு?"

அவள் அழுதாள். நிம்மதியா, நெஞ்சு வெடித்ததா, கேட்கும்போது பிடிபடவில்லை. போனை வைத்துவிட்டாள்.

நான் எழுதவில்லை, சத்தியமாக. மூன்றாம் பகுதியைத் திறந்து பார்த்தேன், 'என்ன சொன்னான்னா' என்பதன் முடிவில் நான் போட்ட கோட்டுக்குப் பின்னால் வெறும் வெள்ளைதான். இதை இதுவரை படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கோட்டைத் தாண்டும்போது மனசுக்குள் என்ன சொல்லி முடித்தீர்கள்?

அப்பா குரலில் அவள் காதில் விழுந்தது அதைத்தான்.