மாப்பிள்ளையும் வைப்பரும்

கொட்டும் மழையில் பழைய காரின் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது.

"மோட்டார் போச்சு, அத்தை!" என்று பல் டாக்டர் வண்டியை ஓரங்கட்டினார்.

பின்சீட்டிலிருந்த மாமியார் தையற்கடை நடத்துபவர். "மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதே, மாப்பிள்ளை! என் மிஷின்ல இப்படின்னா நட்டுதான் லூசா இருக்கும்," என்றார்.

மாமியார் வாயை அடைப்பதற்காகவே டாக்டர் ஸ்பானரோடு இறங்கி, வைப்பர் அடியிலிருந்த மூடியைக் கழற்றினார். நட்டு விரல் பட்டதுமே சுழன்றது. உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இறுக முறுக்கினார். சுவிட்சை அணைக்காதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் உயிர்பெற்ற வைப்பர், கண்ணாடியில் வழிந்த அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் வாரியடித்தது.

மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைக்குட்டையை நீட்டினார்.

"ரோடு நல்லாத் தெரியுது மாப்பிள்ளை, உங்களைத்தான் அடையாளம் தெரியல. ஏறுங்க!"