ஆர்டெல் பென்ஷன் விவரம் கேட்ட கதை

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் காப்பி கொடுப்பது லேசான காரியமில்லை. முதல் தடவை கேட்டால் "வேண்டாம்" என்பார். இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்பார். மூன்றாம் தடவை கேட்டால்தான் "சரி, அரை கப்" என்று சொல்லி இரண்டு கப் குடிப்பார். முதல் தடவையே கை நீட்டியவனை ஊர் மறக்காது. அவன் செத்து, சர்ச்சில் சாவுச் சாப்பாடு பரிமாறும்போதும் அந்தப் பேச்சு வரும்.

ஆர்டெல் ஸ்கோகன் இந்த மண்ணில் முளைத்தவர். ஜன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி வெட்டி வெட்டியே தலை நரைத்தவர். அறுபத்தைந்து வயதுக்கு முன்னால் வேலையை விட்டால் முழுப் பென்ஷன் வருமா, வராதா? அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். பாதி போய்விடும் என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டார்கள். ஆபீஸில் போய்க் கேட்டவர் ஒருவருமில்லை. கேட்டால் வேலை கசந்துவிட்டது என்றோ, பணத்தாசை பிடித்தவன் என்றோ நினைத்துவிடுவார்களே!

அவசரம் மனைவி மார்லிஸால் வந்தது. அவளுக்குப் பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. எதிரே நிற்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. பிறந்ததிலிருந்து ஏரிகளையே பார்த்தவள், கடலைப் பார்த்ததில்லை.

"இருக்கிற பார்வையும் போறதுக்குள்ள, ஒரு குளிர்காலம் பூரா கடலோரமா இருக்கணும்யா. ஒரு வார லீவுல ஓடிப்போய் ஓடிவர்றதெல்லாம் எனக்கு வேணாம். போய்க் கேளு" என்றாள்.

பணியாளர் ஆபீஸில் இருந்தவள் ரோஸான் கபுட்டோ. அந்தக் கோடையில்தான் நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தாள்.

"உக்காருங்க மிஸ்டர் ஸ்கோகன். என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"ரிட்டையர்மென்ட் விஷயமா? திட்டத்தோட விவரம் எடுத்துத் தரட்டுமா?"

ஆர்டெலுக்கு நெஞ்சு குதித்தது. "ஐயோ, வேணாம் மேடம். உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"சரி" என்று அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

சரியாமே! நியூஜெர்சியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது. என்ன ஊரோ! அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று ஆர்டெல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். வரப்போகும் பனியைப் பற்றிப் பேசினார், போன வருஷப் பனியைப் பற்றிப் பேசினார், மான் வேட்டைக்கும் வந்துவிட்டார். அவள் நிமிரவே இல்லை.

"கேட்டியா?" என்றாள் மார்லிஸ், அவர் வீடு திரும்பியதும்.

"கிட்டத்தட்ட."

"அதென்ன கிட்டத்தட்ட?"

"அவங்களே தரேன்னாங்க. நான் வேணாம்னேன்."

"கைக்கு எட்டுனத நீயே தட்டிவிட்டுட்டு வந்து நிக்கிறியா? நல்லா இருக்கு போ!"

மறுவாரம் ஆர்டெல் எலுமிச்சை கேக்கோடு போனார். "எங்க பிரிவுல ஒருத்தருக்குப் பென்ஷன்ல ஒரு சந்தேகம் மேடம்..."

"யாரு? அவரையே வரச் சொல்லுங்க."

"அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி."

"அப்ப கூச்சம் போனதும் வரட்டும்" என்றவள், தட்டை நீட்டிய முதல் தடவையே இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். ஆர்டெலுக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஆர்டெல் அடுத்து லீவு போட்ட நாளில் மார்லிஸே ட்ரக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தொழிற்சாலை வாசலில் வண்டி நின்றதும் சொன்னாள்: "நீ கேக்கறியா, நான் உள்ள வரட்டுமா? எனக்குத்தான் அந்தம்மா முகமே தெரியாதே, கூச்சமும் வராது."

ஆர்டெல் உள்ளே ஓடினார். உட்காரக்கூட இல்லை. "எனக்கு வேணும்" என்றார்.

"என்ன வேணும்?"

"பென்ஷன் விவரம். எனக்குத்தான். இப்பவே." நடுத்தெருவில் கால்சட்டை அவிழ்ந்தவன் மாதிரி அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"இதத்தானே நான் முதல்லயே கேட்டேன்!" என்று ரோஸான் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "வயசையும் சர்வீஸையும் கூட்டி எண்பத்தஞ்சு வந்தாப் போதும், முழுப் பென்ஷன். அறுபத்தஞ்சு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. உங்களுக்கு அது வந்து மூணு வருஷம் ஆச்சே. யாரும் சொல்லலியா?"

"நான் கேக்கல மேடம்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்லிஸ் தானே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கு அக்கரையில் நிற்கும் பறவையைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். மரியாதை, மரியாதை என்று அந்த மூன்று வருஷத்தையும் கண்ணாடி வெட்டியே தீர்த்தாயிற்று. ஆர்டெல் ரோஸானுக்கு நன்றி சொல்லக்கூட மறந்து வெளியே வந்தார்.

ட்ரக்கில் ஏறி, எதையும் மறைக்காமல் சொன்னார்.

"மூணு வருஷமா?" என்றாள் மார்லிஸ்.

"மூணு வருஷம். என் தப்புதான்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"திட்டலாம்தான். திட்டி முடிக்கறதுக்குள்ள பனி விழுந்துடும். வண்டிய எடு."

தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் அவர் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள்.

"இதக் கேட்டுக்கோ. கடலோட ஓரம் எனக்குத் தெரியும், நடுவுல தெரியாது. நடுவுல இருக்கறத நீதான் சொல்லணும். எப்படி இருக்குன்னு நான் கேக்கும்போது, வழக்கம்போல 'பரவால்ல, மோசமில்ல'ன்னு சொல்லிட்டு நின்னியோ, அங்கயே கடல்ல தள்ளிவிட்டுடுவேன்."