பத்தாவது பெயர்

போனை எடுத்ததுமே அக்கா சோல்வே பொரிந்து தள்ளினாள்.

"ஏண்டி முத்திந்தா, எங்க சிக்கூயு ஆஸ்பத்திரில பிரசவ அறைய மூடச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு! உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்லிச்சாமே? முலாந்தா ஆஸ்பத்திரியும் அறுபத்தொண்ணு மார்க், நாங்களும் அறுபத்தொண்ணு. எங்களுக்கு மட்டும் எதுக்குடி பூட்டு?"

சுகாதார அலுவலகத்தில் அந்தப் பட்டியலை எடுத்தவளே முத்திந்தாதான்.

மாவட்டத்தின் நாற்பது ஆஸ்பத்திரிகளையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, என்டைல் என்ற கட்டளையால் நாலு சம கூறாக வெட்டியிருந்தாள். கடைசிக் கூறில் பத்து; அந்தப் பத்திலும் பிரசவ அறையை மூடுவது மேலிடத்து முடிவு. ஆனால் என்டைலுக்குத் தலை எண்ணிக்கைதான் கணக்கு. பத்தாம் இடத்தில் ஒரே மதிப்பெண்ணோடு மூன்று பேர் நின்றால், அகப்பட்ட ஒன்றைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும். இது அவளுக்குத் தெரியாததா என்ன? தெரிந்தும் அவசரத்தில் எழுதித் தொலைத்தாள். சிக்கூயுவிலிருந்து அடுத்த பிரசவ அறைக்கு மாட்டு வண்டியில் அரை நாள். வலி வந்தவள் எப்படிப் போவாள்? தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அதிகாரி ஹமுசோண்டேயின் அறைக்குள் நுழைந்தாள். அவர் சீமா என்ற சோளக்களியை உருட்டிக் கீரையில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் லுசாகா மேலிடத்துக்கு அனுப்பியாச்சும்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லும் சார். சொல்ல வச்சவளே நான்தான். இங்க பாருங்க."

அதே கட்டளையை மறுபடி ஓட்டினாள். நேற்று யாரோ ஒரு ஆஸ்பத்திரியின் போன் நம்பரைத் திருத்தியிருந்தார்கள். அதில் அட்டவணைக்குள் வரிசை இடம் மாறியிருந்தது. மதிப்பெண் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் பத்தாவது பெயர் இப்போது சிக்கூயு இல்லை, அதே அறுபத்தொன்று எடுத்த நம்வெம்பா.

ஹமுசோண்டேயின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"நம்வெம்பாவா? என் மக எட்டு மாசம், அங்கதானே இருக்கா! இன்னொரு தரம் ஓட்டு."

"எதுக்கு சார்? உங்க ஊர் வெளிய வர்ற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருக்கவா? எங்க அக்கா ஊர்ன்னா கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, உங்க ஊர்ன்னா மட்டும் சொல்லுமா?"

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. கேட்டால் கேட்கட்டும். அவள் கியூம்டிஸ்ட் கட்டளையை எழுதினாள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், அதையும் சேர்த்து, அதன் மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ நூற்றுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது சொல்லும். ஒரே மதிப்பெண் என்றால் ஒரே பதில். மூன்று ஊருக்கும் முப்பது வந்தது. கால்வாசியான இருபத்தைந்தைத் தாண்டாதவை ஒன்பதுதான்.

"உத்தரவு பத்து கேக்குதே," என்றார் அவர்.

"அப்போ பத்தாவது பேர உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கம்ப்யூட்டர் தலையில கட்டாதீங்க."

பேனாவை அவர்முன் வைத்தாள். விரலில் சீமா காயும்வரை அவர் அதைத் தொடவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பட்டியலின் அடியில் 'ஒன்பது மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முத்திந்தா வராந்தாவுக்கு ஓடிவந்து அக்காவைக் கூப்பிட்டாள். "மூடல அக்கா. அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போடு."

சோல்வே சிரிக்கவில்லை.

"மத்த ஒம்பது ஊர்ல பிள்ளத்தாச்சிங்க என்னடி செய்வாங்க? அங்கெல்லாம் யாருக்கும் உன் ஆபீஸ்ல தங்கச்சி இல்லையே."