மூடி திறக்காத ஜாடிகள்

ரத்தினக்காவுக்குப் பேச வாய் மட்டும் போதாது. இரண்டு கையும் வேண்டும். ஆனால் ஜூரோங் பானைச் சூளையில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலையோ, நாள் முழுக்கக் கையில் ஈரப் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. விறகுச் சாம்பலையும் நைசான களிமண்ணையும் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தொட்டியில் மோர் பதத்துக்கு வைத்திருப்போம். அதுதான் மெருகு. கொஞ்ச நேரம் கலக்காமல் விட்டால் சாம்பலெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் துடுப்பால் நன்றாகக் கலக்கிவிட்டு, ஜாடிக்குள் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு வெளிப்பக்கம் நனைய நான் முக்கி எடுப்பேன். ரத்தினக்கா வாங்கி, அடிப்பாகத்தையும், வாய் விளிம்பையும், மூடி உட்காரும் இடத்தையும் வெறும் மண் தெரியத் துடைப்பாள். ஜாடியும் மூடியும் ஒன்றுபோலச் சுருங்கவேண்டும் என்று மூடியைப் போட்டேதான் சுடுவோம். சூட்டில் மெருகு உருகிக் கண்ணாடியாகிவிடும். விளிம்பைத் துடைக்காமல் விட்டால் மூடி ஜாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது.

அன்றைக்கு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த ஒரு கல்யாணச் சண்டையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளையோட சித்தப்பா இலையில ஒரு அப்பளம்டி பூவு. பக்கத்து இலையில ரெண்டு. சும்மா இருப்பாரா? எந்திரிச்சாரு. வேட்டிய இப்படி மடிச்சாரு...”

மடித்துக் காட்டுவதற்காகப் பஞ்சைக் கீழே வைத்தாள்.

“அக்கா, ஜாடிய தொடைச்சாச்சா?”

“தொடைச்சேன்டி. நீ கேளு, கொழம்பு வாளிய தூக்கினாரு பாரு!”

துடைத்தது உண்மைதான். ஒவ்வொன்றிலும் அடிப்பாகத்தை மட்டும்.

சூளையைத் திறந்தபோது ஜாடிகள் எல்லாம் தேன் நிறத்தில் மின்னின. சாம்பல் கலரில் உள்ளே போனது இப்படி வெளியே வந்திருக்கிறதே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சூளை முதலாளி ஒரு சீனர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு மூடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அடுத்ததையும் இழுத்தார். ஜாடிதான் மூடியோடு சேர்ந்து மேலே வந்தது.

“அலாமா!” என்று தலையில் கைவைத்தார். எங்களோடு பேசிப் பேசி அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும், திட்டுவதற்குக் கூடுதலாகவே வரும். “ரத்தினம், இது சிராங்கூன் ரோடு மஜீது பாய் கடை ஊறுகாய் ஜாடி. இன்னைக்கு சாயங்காலம் குடுக்கணும். நீயே வந்து பாய்கிட்ட சொல்லு. அவர் வாங்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

ரத்தினக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் புருஷன் துறைமுகத்தில் காலை ஒடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்த சமயம் அது. அவள் சம்பளம் போனால் வீட்டில் உலை கொதிக்காது.

வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம். நல்லெண்ணெய் தடவிப் பார்த்தோம். மரச் சுத்தியால் தட்டியதில் ஒரு ஜாடி உடைந்தது. மூடி மட்டும் அப்போதும் கழுத்தை விடவில்லை.

சாயங்காலம் லாரியில் ஜாடிகளோடு நாங்களும் போய் இறங்கினோம். அப்துல் மஜீது பாய் மசாலாவும் ஊறுகாயும் விற்கிறவர். ஒரு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்குள்ள எலுமிச்சங்காய எப்படிப் போடுறது? டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டு ஏத்தவா?”

“பாய், பளபளப்ப பாருங்க பாய்...”

“பளபளப்பையா விக்கிறேன்? திருப்பி எடுத்துட்டுப் போங்க லா!”

தவுக்கே ரத்தினக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு கையும் முந்தானைக்குள் போயிருந்தன.

அப்போது குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். சட்டைப்பையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று எட்டிப் பார்த்தது. மஜீது பாய் எங்கள் பக்கம் குனிந்தார்.

“வேலாயுதம் சார். தினமும் வீட்லேருந்து தோசை எடுத்துட்டு வருவாரு. ருசி பாக்குறேன்னு ஒவ்வொரு ஜாடியா தொட்டு முழுத் தோசையையும் முடிச்சிட்டுப் போவாரு. ஒரு நாள் வாங்கினதில்ல. மரியாதப்பட்ட மனுசன், வேணாம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

ரத்தினக்கா நிமிர்ந்தாள். முந்தானையால் எங்கள் ஜாடி ஒன்றைத் துடைத்து முன்னால் வைத்தாள்.

“வாங்க சார். புது ஜாடி. நார்த்தங்காய் ஊறுகாய் நெனச்சாலே நாக்குல எச்சி ஊறும், இல்லையா சார்? மூடிதான் கொஞ்சம் இறுக்கம்.”

“நார்த்தங்காயா!” குடை சுவரில் சாய்ந்தது. பொட்டலம் பிரிந்தது. மூடியைத் திருகினார். “இடப்பக்கமாவா திருப்பணும்?”

“எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் திருப்புங்க சார்.”

இடமாகத் திருப்பினார், வலமாகத் திருப்பினார். துண்டைச் சுற்றித் திருப்பினார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, ஜாடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தார். பக்கத்தில் பூக்கட்டும் பெண்களெல்லாம் நூலை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

“மூச்சப் புடிங்க சார்!” என்றாள் ஒருத்தி.

“விட்றாதீங்க சார், அசையுற மாதிரி இருக்கு!” என்றாள் இன்னொருத்தி.

அசைந்தது மூட்டைதான். மஜீது பாய் தராசுக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“வயசுல இத ஒத்தக் கையால தொறந்திருப்பேன்,” என்றார் வேலாயுதம் சார், மூச்சு வாங்க.

“இப்ப மட்டும் என்ன சார், இத்தன பேரு நிக்கிறாங்க, தொறந்து காட்டுங்க!” என்றாள் ரத்தினக்கா.

பெண்கள் சிரித்தார்கள். அவர் ஜாடியைக் கீழே வைத்தார். வேர்வையைத் துடைத்தார். கடையின் ஊறுகாய் ஜாடிகள் பக்கம் கை நீளப் பார்த்தது, ஆனால் அத்தனை கண்களும் அந்தக் கையின் மேலேயே இருந்தன. கை பாதி வழியில் மடங்கி, சட்டைப்பைக்குள் போய், காசோடு வந்தது.

“பாய், அந்த எலுமிச்சங்காய்ல... ஒரு போத்தல் குடுங்க. வீட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

போத்தலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது பாய் உதட்டைக் கடித்துக்கொண்டார். வேலாயுதம் சார் குடையை விரித்துக்கொண்டு போனார், மழையே இல்லாத தெருவில்.

அவர் தலை மறைந்ததும் பாய் கடைக்கு வெளியே வந்தார். ஊறுகாய் இருந்த நல்ல ஜாடிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசுக்குப் பின்னால் அடுக்கினார். முன்வரிசையில் எங்கள் ஜாடிகளை வைத்தார். தள்ளி நின்று பார்த்தார்.

“இவரு மட்டுமில்ல, இப்படி ஓசியில ருசி பாக்குறவங்க இன்னும் ரெண்டு மூணு பேரு இருக்காங்க,” என்றார். “ஜாடி இருக்கட்டும் தவுக்கே. இதே மாதிரி இன்னும் ஆறு போட்டுக் குடுங்க. ஊறுகாய் போட, தொறக்கிற ஜாடி தனியா வேணும்.”

தவுக்கேயின் முகம் மாறியது. வந்தபோது பாதி விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்த மனுஷன், இப்போது நெஞ்சை நிமிர்த்தினார்.

“இது ஸ்பெஷல் ஜாடி, பாய். விலை கூட.”

“தொடைக்காம விட்டதுக்கு விலை கூடவா? நல்ல கதையா இருக்கே!”

“தொறக்கிற ஜாடி எல்லா சூளையிலயும் கெடைக்கும். தொறக்காதது எங்க கெடைக்கும், சொல்லு!”

இரண்டு பேருக்கும் நடுவில் ரத்தினக்கா போய் நின்றாள். “நீங்க அப்புறமா சண்ட போடுங்க. நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, வேணாமா? அத மொதல்ல சொல்லுங்க தவுக்கே.”

தவுக்கே அவளையும் பார்த்தார், முன்வரிசையையும் பார்த்தார்.

“வா லா. இன்னும் ஆறு போடணுமே. தொடைக்காம விடறதுக்கு உன்ன விட்டா எனக்கு வேற ஆளு யாரு?”